ராயப்பன் நீங்கலாக எனக்குப் பிடித்தவை

ஜூன் 3, செவ்வாய்

வாஷிங் மெஷின் பாதித் தண்ணீரோடு நின்றுவிட்டது. நாலு சுடிதாரும் தலையணை உறைகளும் உள்ளே ஊறிக்கொண்டிருக்கின்றன. கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண்குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்கிறது. அமுக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது.

ஒரு வார இதழிலிருந்து ஷெரின் என்ற பெண். கடைசிப் பக்கத்தில் 'எனக்குப் பிடித்தவை' என்று ஒரு பகுதி போடுகிறார்களாம். பிடித்த படம், பாட்டு, சாப்பாடு, ஆள் என்று வரிசையாகக் கேட்பார்களாம். இதுவரை நடிகர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். திரைக்கதை எழுதுகிறவரைக் கேட்பது இதுதான் முதல் தடவை. "நீங்களும் ராயப்பன் சாரும் சேர்ந்துதானே மேடம் எழுதுவீங்க? சாரையும் சேர்த்துப் போடலாமா?" என்றாள். சேர்ந்து எழுதியது ஒரு காலம், இப்போது நான் தனி, சாரைச் சேர்க்க வேண்டியதில்லை என்றேன். ஒவ்வொன்றாக வாட்சப்பில் அனுப்பச் சொன்னாள்.

சாயங்காலம் தயாரிப்பாளர் வேலப்பன் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர். நூல் மில் வைத்திருக்கிறார், படம் எடுப்பது ஆசைக்கு. "கனகாம்மா, நிகிலன் தம்பி பத்தொம்பதாம் தேதி காலைல நேரம் குடுத்திருக்குதுங்க. போய்க் கதையச் சொல்லிப் போட்டு வந்துரலாமுங்க" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று உறைத்தது.

வேலப்பன் என் கதையைப் படித்திருக்கிறார், அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நிகிலன் நடித்தால்தான் எடுப்பார். நிகிலன் படிக்க மாட்டான். இங்கே எந்த ஹீரோவும் படிக்க மாட்டார். எதிரே உட்கார்ந்து முழுப்படத்தையும் வாயால் சொல்ல வேண்டும். சண்டைக்குச் சத்தம் கொடுக்க வேண்டும், இடைவேளையில் நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். அவன் சரி என்றால் 'திரைக்கதை: கனகவல்லி' என்று என் பெயர் மட்டும் தனியாக வரும் முதல் படம் இது. வேண்டாம் என்றால் வேலப்பன் வேறு கதைக்குப் போய்விடுவார். அதை அவரே சொன்னார், வருத்தத்தோடுதான் சொன்னார்.

நான் இதுவரை யாருக்கும் கதை சொன்னதில்லை. எழுதுவது நான், சொல்வது ராயப்பன். அப்படித்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. அவன் சொல்லும்போது நான் ஓரமாக, மடியில் பைலை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

துணி இன்னும் ஊறுகிறது.

ஜூன் 4, புதன்

மெக்கானிக் வந்தார். குழாயில் ஒரு ஹேர்பின் சிக்கியிருந்ததாம். அதை எடுத்துக் காட்டிவிட்டுச் சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தார். "மேடம், இந்தப் படம் நீங்க எழுதினதா? 'எல்லாரும் சாப்டாச்சா?' அதுவும் நீங்க எழுதினதா?" என்றார். அது மட்டும் நான் எழுதவில்லை என்றேன். மனுஷனுக்கு என் மேல் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் படத்தில் அண்ணன் லாரி டிரைவர். தங்கை கல்யாணத்துக்கு வருகிற வழியில் விபத்தில் செத்துவிடுகிறான். நான் எழுதியது அவ்வளவுதான். தாலி கட்டி முடிகிறது, தங்கை வாசலையே பார்க்கிறாள், படம் முடிகிறது. ராயப்பன் ஹீரோவிடம் கதை சொல்லப் போனான், நானும் போனேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி நிமிஷத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தலையில் கட்டோடு அண்ணனை மண்டபத்துக்குள் நடக்க வைத்து, "எல்லாரும் சாப்டாச்சா?" என்று கேட்க வைத்துவிட்டான். ஹீரோ எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தார். படம் அதே முடிவோடு வந்து ஓடியது. இன்றைக்கும் ஊரில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் யாராவது ஒருவர் அந்த வரியைச் சொல்லிச் சிரிக்காமல் இருப்பதில்லை.

செத்தவனை எழுப்பக் கூடாது என்பது என் கொள்கை. அன்றைக்கு லிப்டில் இறங்கும்போதே சொல்லிவிட்டேன், இனி உன்னோடு எழுத மாட்டேன் என்று. "கதை கேட்டுக்கிட்டு அந்த ஹீரோ இருந்த இருப்பப் பாத்து எனக்கு மனசு கேக்கல கனகா" என்றான். மனசு கேட்காதவன் எதற்குச் சினிமாவுக்கு வந்தான்? மூன்று வருஷம் ஆகிறது. பேசவில்லை.

ரிலீஸ் அன்று தியேட்டரில் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது வாஸ்தவம். ஏசி நேராக முகத்தில் அடித்தது.

ஜூன் 6, வெள்ளி

ஷெரினுக்கு முதல் பதில் அனுப்பினேன். பிடித்த படம்.

வெளிநாட்டுப் படம் ஒன்றைச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்படிச் சொன்னால் ஒரு கௌரவம். பெயரைத் தட்டும்போது ஸ்பெல்லிங் தெரியவில்லை. அப்புறம் உண்மையையே எழுதிவிட்டேன். விருதுநகரில் பள்ளிக்கூடம் படிக்கும்போது பார்த்த படம், பெயர் மறந்துவிட்டது. கதாநாயகி செத்துப்போய்த் தியேட்டரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். சுடுகாட்டுக் காட்சி முடிந்த கையோடு அவள் வாய்க்கால் கரையில் குடத்தைச் சுற்றிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டாள். அடித்த விசிலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. தப்பு தெரிந்து ஆபரேட்டர் நிறுத்திவிட்டுச் சரியான ரீலைப் போட்டபோது ஜனங்கள் அவரை அடிக்கப் போனார்கள். அதற்கு அப்புறம் எத்தனையோ படம் பார்த்தாயிற்று, அவ்வளவு சந்தோஷமாக ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை.

இதை ஒரு நண்பரிடம் முதன்முதலாகச் சொன்னபோது அவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்து விழுந்தார் என்பதையும் எழுதினேன். பெயர் போடவில்லை. பெயர் எதற்கு?

ஜூன் 8, ஞாயிறு

கீழ்வீட்டு மைதிலி டீச்சரை உட்கார வைத்துக் கதை சொல்லிப் பழகினேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒளிவுமறைவு தெரியாது. அதனால்தான் அவரைப் பிடித்தேன்.

என் கதை இதுதான். பரமனும் சேவியரும் கூட்டாக மைக்செட் வைத்திருக்கிறார்கள். கோயில் கொடை, சடங்கு, சாவு எதுவானாலும் இவர்கள் செட்தான். ஒரு நாள் சண்டை வந்து பிரிகிறார்கள். ஆம்ப்ளிஃபயர் பரமனுக்கு, குழாய் ஸ்பீக்கர்கள் சேவியருக்கு. ஒன்று இல்லாமல் இன்னொன்று பேசாது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் ஆளுக்கொரு ஊரில் கடன் வாங்கிப் புதுச் செட் போட்டு வருஷங்களை ஓட்டுகிறார்கள். கடைசியில் பரமன் மனசு மாறி, ஆம்ப்ளிஃபயரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சேவியர் ஊருக்குப் போகிறான். ஊர் எல்லையிலேயே குழாய் ஸ்பீக்கரில் சாவுப்பாட்டு கேட்கிறது. தன் பழைய ஸ்பீக்கரின் கரகரப்பு அவனுக்குத் தெரிகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் செத்தது சேவியர். படம் முடிகிறது.

இடைவேளை வருவதற்குள் டீச்சர் தூங்கிவிட்டார். நான் நிறுத்தாமல் சொன்னேன், பயிற்சிதானே. முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு பேரும் சேந்துட்டாங்களாம்மா?"

"இல்ல டீச்சர். ஒருத்தன் செத்துட்டான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா, கதைக்கு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அந்தப் பையன்."

கதை உங்கள் வாழ்க்கையில் நடந்ததா என்றும் கேட்டார். இல்லை, முழுக்கக் கற்பனை, எனக்கு மைக்செட்காரர்கள் யாரையும் தெரியாது என்றேன். சந்தேகமாகப் பார்த்தார். கணக்கு டீச்சர்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஜூன் 9, திங்கள்

சேனல் மாற்றும்போது தற்செயலாக அந்தக் கார்ட்டூன் கரடி வந்தது. ராயப்பன் இப்போது அதற்குத்தான் குரல் கொடுக்கிறான். இன்றைக்குக் கரடிக்குத் தேனீ கொட்டிவிட்டது. நேற்று கொட்டியதை விடக் கொஞ்சம் கம்மிதான்.

ஜூன் 10, செவ்வாய்

வேலப்பன் அலுவலகத்தில் ஒத்திகை. பத்தொம்பதாம் தேதிக்கு முன்னால் தனக்கு ஒரு முறை சொல்லிக் காட்டச் சொல்லியிருந்தார்.

முதல் காட்சி, கோயில் கொடை. "மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று பரமன் சொல்ல வேண்டும். ஒன் வந்தது. டூ பாதி வந்தது. அதற்கு அப்புறம் தொண்டையில் காற்றுதான் வந்தது. வேலப்பன் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். மிட்டாய் கொடுத்தார், சப்பினேன். பைலைப் பிரித்து அப்படியே படிக்க ஆரம்பித்தேன். அவர் கண் ஜன்னலுக்குப் போனது. வெளியே ஒரு ஆள் தென்னை மட்டை வெட்டிக்கொண்டிருந்தான். எனக்கே அவன் மேல்தான் கவனம் போனது.

"ஏனுங்கம்மா, நீங்க நல்லா எழுதறீங்க" என்றார் வேலப்பன். "சொல்றது வேற சமாச்சாரமுங்க. ராயப்பன் சாரைக் கூப்பிட்டா என்னங்க?"

எனக்கும் அவருக்கும் தொடர்பு இல்லை என்றேன்.

"அப்பறம் உங்க இஷ்டமுங்க. அந்தத் தம்பி ஒருக்கா வேண்டாம்னு சொன்னா மறுக்காக் கேக்காது."

பேருந்தில் வரும்போது அழுகை வந்தது, அழுதேன். ஜன்னலோர சீட் கிடைத்தது ஒரு வசதி.

ஜூன் 11, புதன்

பிடித்த பாட்டு. எழுதி அனுப்பிவிட்டேன்.

எங்கள் படம் ஒன்றில் ஒரு சோகப் பாட்டு. இசையமைப்பாளர் மெட்டை மட்டும் போட்டுக் கொடுத்தார், வரிகள் வர வேண்டிய கவிஞருக்குக் காய்ச்சல். மெட்டுக்குச் சும்மா ஏதாவது வார்த்தையைப் போட்டுப் பாடிப் பார்ப்பது வழக்கம், அளவு தெரிவதற்காக. அந்த நண்பர் எடுத்தார்: "இட்லிக்குத் தொட்டுக்க என்ன இருக்கு, இருந்தாலும் இல்லாட்டியும் எனக்கென்ன." அவ்வளவு உருக்கமாகப் பாடினார், இசையமைப்பாளரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நல்ல வரிகள் வந்தன, பெரிய பாடகர் பாடினார், பாட்டு எங்கும் ஒலித்தது. என் காதில் இட்லிதான் விழும். பண்பலையில் அது வந்தால் நான் இப்போதும் தட்டைக் கையில் எடுக்கிறேன்.

ராயப்பனைக் கூப்பிடப் போவதில்லை.

ஜூன் 12, வியாழன்

கூப்பிடப் போவதில்லை என்பதில் மாற்றம் இல்லை. சிலிண்டர் வந்தது.

ஜூன் 13, வெள்ளி

கூப்பிடவில்லை, நேரிலேயே போய்விட்டேன். வடபழனியில் கரடிக்கு டப்பிங் நடக்கும் தியேட்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராயப்பன் மைக் முன்னால் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரடியாக உறுமிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். உறுமல் ஒரு பூனைச் சத்தத்தில் போய் முடிந்தது. இன்ஜினியர் "சார், இன்னொண்ணு போலாம்" என்றார்.

வெளியே வந்து எதிர் டீக்கடைக்குக் கூட்டிப்போனான். இளைத்திருக்கிறான். வலது காதுக்கு மேல் நரைத்திருக்கிறது.

"எப்படி இருக்க?" என்றேன்.

"என்னத்த, கரடியா இருக்கேன். நீ?"

"நிகிலனுக்குக் கதை சொல்லணும். பத்தொம்பதாம் தேதி."

"சொல்லு."

"எனக்கு வராது. உனக்குத் தெரியும்ல."

"தெரியும்." முறுக்கை டீயில் நனைத்துக்கொண்டே யோசித்தான். முறுக்கை டீயில் நனைத்துத் தின்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. "கடைசி சீனு வரைக்கும் நான் சொல்லுதேன் கனகா. முடிவ நீ சொல்லு."

"ஏன்?"

"நான் சொன்னா மாத்திருவேன். எனக்கே எம்மேல நம்பிக்கை கெடையாது. உன் முடிவு, உன் வாயாலயே வரட்டும். நான் அதத் தொடவே மாட்டேன், பாத்துக்க."

சரி என்றேன். கடைசியில் இரண்டே வார்த்தைதானே, அதைச் சொல்லத் தொண்டை எதற்கு. டைட்டிலில் அவன் பெயரும் வர வேண்டும் என்றேன். வேண்டாம், உன் படம் இது, தனியாகவே வரட்டும் என்றான். பழைய சண்டையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. தொழில்முறையான சந்திப்பு. ஆனால் பேருந்தில் ஏறி மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகுதான் எதிர்த் திசையில் போகிறேன் என்று தெரிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

ராயப்பன் வீட்டுக்கு வந்து கதையைப் படித்தான். அவன் படிக்கும்போது பக்கத்தில் இருக்கப் பிடிக்காமல் வாஷிங் மெஷினைப் போட்டேன். துவைக்கத் துணி இல்லை. சுத்தமான போர்வையைப் போட்டேன்.

நடுநடுவே சிரிக்கும் சத்தம் கேட்டது. மெஷின் நின்றதும் போய்ப் பார்த்தால் கடைசிப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நல்லாருக்கு" என்றான். "நீ எழுதினதுல இதுதான் நல்லாருக்கு." நாலு பக்கம் பின்னால் திருப்பி, "இந்தச் சேவியரு டீயில முறுக்க நனைச்சுத் திங்கானே?" என்றான்.

"மைக்செட்காரங்க எல்லாரும் அப்படித்தான் திம்பாங்க."

"அப்படியா? எனக்குத் தெரியாது."

போன் வந்தால் எடுக்குமுன் விசிலடிக்கிற பழக்கமும் சேவியருக்கு இருக்கிறது. அதை ராயப்பன் கேட்கவில்லை. நல்லவேளை, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மதியம் எண்ணெய்ப் பரோட்டா வாங்கி வந்தான். விருதுநகர் ருசி இல்லைதான், ஆனாலும் என் தட்டில் மட்டும் மொறுமொறுப்பான ஓரங்களாகப் பார்த்து வைத்தான். பிடித்த சாப்பாடு என்று அதையே ஷெரினுக்கு எழுதி அனுப்பினேன். நண்பர் வைத்தார் என்று எழுதினேன். தகவல் சரியாக இருக்க வேண்டும் அல்லவா.

மைதிலி டீச்சர் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் மேலே வந்து அவனை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார். "கல்யாணம் ஆயிடுச்சாப்பா?" என்று கேட்டார். "இன்னும் கதை டிஸ்கஷன்லயே இருக்கு டீச்சர்" என்றான். இதே பதிலை எத்தனை வருஷமாகச் சொல்கிறான். எனக்கு ஒரு கல்யாணம் நடந்தது, சீக்கிரமே முடிந்தது. ஷெரினின் கேள்விகளில் எதற்கும் அதில் பதில் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஷெரின் போன் செய்தாள். "மேடம், எல்லாம் சூப்பரா வந்திருக்கு. ஆனா படத்துலயும் ஒரு நண்பர் வர்றாரு, பாட்டுலயும் வர்றாரு, பரோட்டாலயும் வர்றாரு. எல்லாரும் ஒரே ஆளா மேடம்?"

வெவ்வேறு ஆட்கள் என்றேன். சினிமாவில் நண்பர்கள் அதிகம்.

"சரி மேடம். பிடிச்ச ஆள்ங்கற கேள்வி பாக்கி இருக்கு. நாளைக்குப் பக்கத்தை முடிக்கணும்."

மைதிலி டீச்சர் என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். கீழே போய் டீச்சரிடமும் சொன்னேன். "என்னையா? ஏன், அந்தப் பையன் ஊருக்குப் போயிட்டானா?" என்றார்.

ஜூன் 18, புதன்

நாளைக்கு. கடைசி வரியை மட்டும் பழகினேன். சேவியர் செத்துட்டான். கண்ணாடி முன்னால் நின்று சொன்னேன். பாதியிலேயே பொட்டைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டேன். சமையலறையில் சொன்னேன், பால் பொங்கிவிட்டது. டீச்சரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று போனால், "பாவம்மா அவன், நல்லா விசிலடிப்பானே" என்றார். அன்றைக்குத் தூங்கினதாக நினைத்தேன், முடிவு தவிர எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

முடிவு சரிதான். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அவன் சாகாவிட்டால் அத்தனை வருஷ வீம்புக்கு என்ன அர்த்தம்? ஜனங்கள் வீட்டுக்குப் போய் யாருக்காவது போன் செய்ய வேண்டும், அதற்காகத்தான் எழுதினேன். நாளைக்கு அதைச் சொல்லிவிட்டால் என் படம்.

ஜூன் 19, வியாழன்

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

நிகிலன் வீடு கிழக்குக் கடற்கரைச் சாலையில். கடலைப் பார்த்த வெராந்தாவில் மூங்கில் நாற்காலிகள். வேலப்பன் ஓரத்தில், நானும் ராயப்பனும் பக்கத்துப் பக்கத்தில், எதிரே நிகிலன். வெயிலில் கண் கூசியது. நான் வழக்கம்போலப் பின்னால் போய் உட்காரப் பார்த்தேன், அங்கே நாற்காலி இல்லை.

ராயப்பன் ஆரம்பித்தான். "மைக் டெஸ்டிங்" என்றான், எங்கேயோ ஊதுவத்தி வாசனையே வந்துவிட்டது. மூன்று வருஷம் கரடியாக இருந்தவன் என்று யாரும் சொல்ல முடியாது. கொட்டு அடித்தான், ஆட்டோவை ஸ்டார்ட் செய்தான், ஸ்பீக்கர் கரகரத்தான். சண்டையில் பரமன் ஆம்ப்ளிஃபயரைப் பிடுங்கிக்கொண்டு போகிற இடத்தில் வேலப்பன் "ச்" என்றார். நான் எழுதியதுதான், ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. ஆனால் நான் எழுதும்போது அது இப்படி இல்லை. இடைவேளைக்குத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாம் பாதியை எடுத்தான். பரமன் ஆட்டோவில் வருகிறான். ஊர் எல்லை. சாவுப்பாட்டு. அந்தக் கரகரப்பு. பரமன் இறங்கி ஓடுகிறான்.

அங்கே ராயப்பன் நிறுத்தினான்.

"இதுக்கு மேல மேடம் சொல்லுவாங்க தம்பி" என்றான். கையைக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டான், கதை கேட்க வந்தவன் மாதிரி.

நான் நிமிர்ந்தேன். தொண்டை அடைக்கவில்லை, அது எனக்கே ஆச்சரியம். "பரமன் ஓடி வர்றான்" என்றேன். "வாசல்ல பந்தல். பெஞ்சு போட்டிருக்கு. ஆளுங்க உக்காந்திருக்காங்க. யாருன்னு கேக்கறான், யாரும் பதில் சொல்லல."

இன்னும் இரண்டு வார்த்தைதான் பாக்கி. ராயப்பன் காத்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையில் ஒரு பட்டன் வேறு நூலில் தைத்திருந்தது, அவனே தைத்திருப்பான். அப்போது எதிரே நிகிலன் முகம் வாடியது. நன்றாகத் தெரிந்தது. அதனால்தான், வேறு எதற்காகவும் இல்லை, என் வாய் இப்படிச் சொல்லிவிட்டது:

"அப்ப மேலேருந்து ஒரு குரல் கேக்குது. பரமன் அண்ணாந்து பாக்கறான். வேப்பமரத்து உச்சியில சேவியர் உக்காந்து இன்னொரு ஸ்பீக்கரக் கட்டிட்டு இருக்கான். செத்தது வேற யாரோ கிழவர். சேவியர் கீழ பாக்கறான். 'வந்துட்டியா? அந்த வயரப் பிடி'ங்கறான். பரமன் பிடிக்கிறான். அவ்வளவுதான். படம் முடிஞ்சுது."

வேலப்பன் கைக்குட்டையை எடுத்தார். நிகிலன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டான். பிறகு, "அண்ணே, நான் மரத்து மேலயா, கீழயா?" என்று ராயப்பனைக் கேட்டான். ராயப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது காதில் விழவில்லை. கீழே என்று நான் சொன்னேன். "மேல இருந்தா நல்லாருக்குமே மேடம்" என்றான். பேசிக்கொள்ளலாம் தம்பி என்றார் வேலப்பன். "பண்ணலாம் சார்" என்று சொல்லிவிட்டு நிகிலன் உள்ளே போய்விட்டான். படம் கிடைத்துவிட்டது. என் பெயர் வரப்போகிறது.

வெளியே வந்து சாலையோர டீக்கடையில் நின்றோம். ராயப்பன் இரண்டு டீ சொன்னான். டீ வந்ததும் ஆரம்பித்தான்.

"ஏ கனகா, நான் ஒருத்தன எழுப்புனேன்னு மூணு வருசம் எங்கூடப் பேசல. போன எடுக்கல. எதுத்தாப்புல வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போன. நான் போயி கரடியா நின்னேன். இப்பம் நீ என்ன செஞ்ச?"

கோபமாகத்தான் கேட்டான். அவனுக்கு அந்த உரிமை உண்டு, இருக்கட்டும்.

"அந்தப் பையன் முகத்தப் பாத்தேன்" என்றேன். "வாடிப்போச்சு. என்ன பண்றது, படம் போயிடும்ல."

"எப்பம் வாடுச்சு?"

"நான் சொல்லும்போது. நல்லா தெரிஞ்சுது."

ராயப்பன் டம்ளரைக் கீழே வைத்தான். சாலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

"கனகா, அவன் பெரிய கூலிங்கிளாஸ் போட்டு, தொப்பிய மூக்கு வரைக்கும் இறக்கிவிட்டு, வாயில கையவச்சுக்கிட்டு இருந்தான். வந்ததுலேருந்து எந்திரிச்சுப் போற வரைக்கும் அந்தக் கண்ணாடிய எடுக்கவே இல்ல. நீ யாரு முகத்தப் பாத்த?"

பஸ் ஒன்று பெரிய சத்தத்தோடு போனது. அது போகட்டும் என்று காத்திருந்தேன். போனது. அடுத்து எதுவும் வரவில்லை.

டீ ஆறிவிட்டது என்று சொல்லி இன்னொன்று வாங்கித் தரச் சொன்னேன். வாங்கித் தந்தான். அதை மெதுவாகக் குடித்தேன். அவனும் அவசரப்படுத்தவில்லை.